கமலா ஹாரிஸ் கறுப்பினமா, இந்தியரா? கேட்டீங்க, சொல்றேன்

வணக்கம். நான் மன்னார்குடிக்காரன், காலேஜ்ல அமெரிக்க வரலாறு நடத்தி ரிடையர் ஆனவன். கமலாவோட தாத்தா ஊரான துளசேந்திரபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊரு, அதனால 2020ல அவங்க அமெரிக்கத் துணை ஜனாதிபதியா ஜெயிச்சதுலேருந்தே கல்யாண வீடு, டீக்கடைன்னு எங்க போனாலும் இதே கேள்விதான். வந்த கேள்வி எல்லாத்துக்கும் ஒண்ணா இங்க பதில் சொல்றேன்.

நீடாமங்கலத்துலேருந்து ஒரு தம்பி: சார், அவங்க நம்ம ஊரு கோபாலன் அய்யரோட பேத்தி. அப்புறம் எதுக்குக் கறுப்பினப் பெண்ணுன்னு சொல்லிக்கிறாங்க? ட்ரம்ப் கேட்டதுல என்ன தப்பு?

தம்பி, 2024 ஜூலை 31 அன்னைக்கு சிகாகோவுல கறுப்பினப் பத்திரிகையாளர் சங்க மாநாட்டுல அவர் கேள்வி மட்டும் கேக்கல, இந்த அம்மா எப்பவும் இந்திய வம்சாவளின்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, சில வருஷம் முன்னாடிதான் திடீர்னு கறுப்பினமா மாறிட்டாங்கன்னு சொன்னாரு. அது பொய். அப்பா டொனால்ட் ஹாரிஸ் ஜமைக்காவுல பொறந்த கறுப்பினத்தவர், ஸ்டான்ஃபோர்டுல பொருளாதாரப் பேராசிரியரா இருந்தவர். அம்மா சியாமளா 1958ல 19 வயசுல அமெரிக்காவுல இருக்கற பெர்க்லி யுனிவர்சிட்டிக்குத் தனியா படிக்கப் போன பொண்ணு, அந்தக் காலத்துல நம்ம பக்கம் அந்த வயசுப் பொண்ணுங்களுக்கு என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சுன்னு உங்க பாட்டிய கேளுங்க தெரியும். கறுப்பின மாணவர்கள் கூடிப் படிச்சு விவாதம் பண்ற வட்டத்துலதான் ரெண்டு பேருக்கும் பழக்கமாச்சு. 1963ல கல்யாணம், 1964 அக்டோபர் 20ல கமலா பொறந்தாங்க. காலேஜ் படிச்சது ஹோவர்ட், அது கறுப்பின மாணவர்களுக்காக உருவான யுனிவர்சிட்டி, 1986ல டிகிரி வாங்கினாங்க. அங்கயே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாங்கற கறுப்பினப் பெண்கள் சங்கத்துலயும் சேர்ந்தாங்க. அப்போ அவங்க அரசியல்வாதியே இல்ல, ஓட்டுக்காக மாறினாங்கன்னு எப்படிச் சொல்ல முடியும்?

பேரளம்: சரி, பாதி பாதின்னு சொல்லிட்டுப் போகலாமே?

சொல்லலாம், ஆனா அந்த நாடு ரொம்ப காலம் அப்படிச் சொல்ல விடலீங்க. கறுப்பின ரத்தம் ஒரு சொட்டு இருந்தாலும் கறுப்பினம்தான்னு ஒரு கணக்கு வச்சிருந்தாங்க, 1924ல வர்ஜீனியா மாநிலம் அத சட்டமாவே போட்டுச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே, அடிமையா வச்சிருந்தவங்க வசதிக்கு ஆரம்பிச்ச கணக்கு அது, முதலாளிக்கும் அடிமைப் பொண்ணுக்கும் பொறந்த புள்ளைக்கு சொத்துல பங்கு கிடைக்கக் கூடாது, புள்ளையும் அடிமையாவே இருக்கணும். மக்கள் தொகைக் கணக்கெடுப்புல ஒருத்தரே ஒண்ணுக்கு மேல இனத்தைக் குறிக்கலாம்னு வந்ததே 2000லதான். ஒபாமாவோட அம்மா வெள்ளைக்காரங்க, ஆனா 2010ல அவர் கறுப்பினம்னு ஒண்ண மட்டும்தான் குறிச்சாரு, ரோட்டுல நடந்தா நம்மள எப்படிப் பாக்குறாங்கன்னு அவருக்குத் தெரியும்.

நம்மாளுங்க கதைய கேட்டா இன்னும் ஆச்சரியமா இருக்கும். பகத் சிங் திந்த்னு ஒரு பஞ்சாபி, அமெரிக்க ராணுவத்துல இருந்தவரு, குடியுரிமை கேட்டாரு, 1923ல அங்கத்த சுப்ரீம் கோர்ட்டு நீ வெள்ளையன் இல்ல, அதனால குடியுரிமை கிடையாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. 1930, 1940 கணக்கெடுப்புல இந்தியர்களை 'இந்து'ன்னு ஒரு இனமா எழுதினாங்க, 1970ல வெள்ளையர் கணக்குல சேர்த்தாங்க, 1980ல ஆசிய இந்தியர்னு தனியா பிரிச்சாங்க. ஆள் மாறல, தோல் மாறல, ஃபாரம்தான் மாறுச்சு.

கும்பகோணத்துலேருந்து ஒரு அக்கா: நம்ம வழக்கப்படி அப்பா வழிதானே? மக வயித்துப் பேத்திய எப்படி நம்ம ஊருன்னு சொல்றோம்?

அக்கா, எத்தனையோ பேர் கேட்டுட்டாங்க, இத ஒருத்தரும் கேக்கல. குலதெய்வமா, கோத்திரமா, தலைக்கட்டு வரியா, எல்லாம் அப்பா பக்கம்தான் எண்ணுறோம். வெளிய கட்டிக் கொடுத்த பொண்ணோட புள்ளைங்களுக்கு ஊர்ல தலைக்கட்டு கிடையாது. அதுவும் சாதியை மீறிக் கட்டிக்கிட்டுப் போன பொண்ணா இருந்தா வாசப்படி கூட மிதிக்க விட மாட்டோம். ஆனா கமலா ஜெயிச்சதும் வெடி போட்டோம், கோலம் போட்டோம், தர்மசாஸ்தா கோயில் கல்வெட்டுல பேரு இருக்குன்னு டிவிக்காரங்கள கூட்டிட்டுப் போய் காட்டினோம். எனக்கும் அன்னைக்கு சந்தோஷம்தான், மறைக்கல. ஆனா அந்த அப்பாவைப் பத்தி யாரும் பேசல. ஜமைக்கா, கறுப்பினம்னு வர்ற இடத்துல நைசா வார்த்தைய மாத்திக்கிட்டோம். ட்ரம்ப் ஒரு பாதிய அழிச்சாருன்னா நாமளும் அதே பாதியத்தான் அழிச்சோம், இத நான் வருத்தத்தோடதான் சொல்றேன்.

நம்ம சுப்ரீம் கோர்ட்டு 2012ல குஜராத் வழக்கு ஒண்ணுல சொன்னது இங்க பொருந்தும். கலப்புக் கல்யாணத்துல பொறந்த புள்ள அப்பா சாதின்னு கண்ண மூடிக்கிட்டு முடிவு பண்ணக் கூடாது, எங்க வளர்ந்துச்சு, எந்த இழிவை அனுபவிச்சுச்சுன்னு பாக்கணும்னாங்க. அம்மா பழங்குடி, அப்பா வேற சாதி, அந்த வழக்குல.

திருவாரூர், பி.ஏ. படிக்கிற பொண்ணு: அப்போ யார் வேணா எந்த இனம்னு வேணா சொல்லிக்கலாமா சார்? ரேச்சல் டோலசால் மட்டும் என்ன தப்பு பண்ணாங்க?

நல்லா கேட்டம்மா. ரேச்சல் டோலசால் ஸ்போகேன் நகரத்துல என்ஏஏசிபிங்கற கறுப்பின உரிமைச் சங்கத்தோட கிளைத் தலைவியா இருந்தவங்க, 2015 ஜூன்ல பெத்தவங்களே நாங்க வெள்ளைக்காரங்க, எங்க பொண்ணும் வெள்ளைதான்னு சொல்லிட்டாங்க, கொஞ்ச நாள்ல பதவிய விட்டு விலகினாங்க. அவங்க, இல்லாத பரம்பரைய இருக்குன்னு சொன்னாங்க. கறுப்பினத்தவரோட அப்பா, தாத்தா பட்ட அடிய பட்டதா சொல்லிக்கிட்டு அந்த நாற்காலியில உக்காந்தாங்க, நாளைக்கு கஷ்டம்னா எழுந்து வெள்ளைக்காரங்களா போயிடவும் முடியும், கறுப்பின மக்களுக்கு அந்த வழியே கிடையாது. கமலா எதையும் புதுசா உருவாக்கல. இனம்ங்கறது மனுஷன் போட்ட கோடுதான், ஆனா அந்தக் கோட்டால பட்ட அடி நிஜம். அத படாம நானும் பட்டேன்னு சொல்றது திருட்டு.

பட்டுக்கோட்டை: டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா தீந்துச்சு!

தீராது. எலிசபெத் வாரன்னு ஒரு செனட்டர், குடும்பத்துல செவ்விந்தியர் இருந்தாங்கன்னு சொல்லி, 2018 அக்டோபர்ல டெஸ்ட் முடிவை வெளியிட்டாங்க. ஆறுலேருந்து பத்து தலைமுறைக்கு முன்னாடி ஒருத்தர் இருந்திருக்கலாம்னு வந்துச்சு. செரோக்கிங்கற செவ்விந்திய இனக்குழு மக்கள், எங்க ஆளா இல்லையான்னு எச்சிலை வச்சு முடிவு பண்ண முடியாது, எங்க இனக்குழுதான் சொல்லணும்னுட்டாங்க. பிறகு வாரன் மன்னிப்பு கேட்டாங்க.

நாகப்பட்டினத்துலேருந்து ஒரு அம்மா: என் மக நைஜீரியாக்காரரைக் கட்டியிருக்கா. பேரனுக்கு நாலு வயசு, பொங்கலுக்கு முதல் தடவையா ஊருக்கு வர்றான். தெருவுல இவன் யாருன்னு கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல சார்.

அம்மா, என் பேரன்னு சொல்லுங்க. அவன் அப்பா எந்த ஊரு, அங்க தாத்தா பாட்டி பேரு என்னன்னு சேர்த்தே சொல்லுங்க, குரலை இறக்காம சொல்லுங்க. அவனும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருப்பான். சியாமளாம்மா புள்ளைங்கள மெட்ராஸுக்கு தாத்தா பாட்டிய பாக்கக் கூட்டிட்டு வந்தாங்க, சித்திங்கள சித்தின்னே கூப்பிட வச்சாங்க, ஆனா இந்த நாடு என் பொண்ணுங்கள கறுப்பினமாத்தான் பாக்கும்னு தெரிஞ்சு அந்தப் பெருமையோடயே வளர்த்தாங்கன்னு கமலா தன் சுயசரிதையில எழுதியிருக்காங்க. உங்க ஊரு துறைமுகத்துலேருந்து பினாங்குக்கும், காரைக்கால்லேருந்து ரீயூனியன் தீவுக்கும் கப்பலேறிப் போன நம்ம சனத்தோட பேரப்புள்ளைங்க அந்தந்த மண்ணுல கலந்துதான் வாழறாங்க, உங்க தெருவுலயே நாலு வீட்டுக்கு அந்த உறவு இருக்கும், விசாரிச்சுப் பாருங்க. மன்னார்குடி பக்கம் வந்தா எங்க வீட்டுக்கும் அவனக் கூட்டிட்டு வாங்கம்மா, என் பேரனுக்கும் நாலு வயசுதான்.