சுவடி, பத்தாயம், அண்டா: யாரிடம் கொடுக்கலாம்?

கேள்வி: பூர்வீக வீட்டைக் காலி செய்கிறோம். ஒரு கட்டு ஓலைச்சுவடி, நெல் கொட்டி வைக்கும் மரப் பத்தாயம், பித்தளை அண்டாக்கள், ஓடுகிற ஃப்ரிட்ஜ் இருக்கின்றன. எடைக்குப் போட மனமில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் சுவடியைக் கவனியுங்கள். மற்றவை போனால் வேறு வாங்கலாம். இது போனால் போனதுதான். கட்டை அவிழ்க்க வேண்டாம். கயிறு அறுந்தால் ஏடுகளின் வரிசை குலைந்துவிடும். காய்ந்த ஓலை விரித்தாலே ஒடியும். தண்ணீரோ எண்ணெயோ தொட்டுத் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்திலோ தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ காட்டுங்கள். வைத்தியமோ, நிலக் கணக்கோ, ஜாதகமோ, இன்னதென்று தெரியாமல் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஏடுகள் ஏராளம். கொடுக்கும்போது ஏடுகளின் எண்ணிக்கை எழுதிய ரசீது வாங்குங்கள். பழம்பொருள் வியாபாரி வீடு தேடி வந்தாலும் விற்றுவிடாதீர்கள்: 75 ஆண்டு கடந்த, இலக்கிய அல்லது வரலாற்று மதிப்புள்ள சுவடிகள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன.

பத்தாயம் பெரும்பாலும் வாசல் வழியே முழுசாக வராது. எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, பலகைகளுக்குச் சாக்பீஸால் எண் போட்டு, மேலிருந்து கழற்றுங்கள். இடையில் யாராவது ஆணி அடித்திருந்தால் அதை முதலில் பிடுங்க வேண்டும். இல்லையென்றால் பலகை பிளக்கும். அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகக் கேட்டால் கரையான். மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய நெல்லை விதைக்குச் சேமிப்பவர்களுக்குப் பத்தாயம் உதவும். முன்பு உள்ளே பூச்சி மருந்து போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அண்டாவை அன்னதானக் கூடத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் உட்புறம் ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் புளியும் மோரும் பட்டுக் களிம்பேறும், சமைத்ததைச் சாப்பிட முடியாது. பூசிய பிறகே கொடுங்கள். பூசுவது வெள்ளீயமாக இருக்கட்டும். காரீயம் கலந்தால் விஷம். விற்பதென்றால் வீட்டிலேயே எடை போட்டு, இரும்பு வளையத்தைத் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள். பாட்டி பெயர் வெட்டியிருக்கும் அண்டா ஒன்றையாவது உறவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜை நிமிர்த்தியே ஏற்றுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் ஓடிவிடும். அப்படி நேர்ந்தால், சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும் என்று வாங்குபவரிடம் சொல்லி அனுப்புங்கள்.