பள்ளி நூலகராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பாடம் கற்பிக்க உதவும் ஆன்லைன் கருவிகளை எங்கிருந்து பழகத் தொடங்கலாம்?

நானும் மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் நூலகராக இருக்கிறேன். உங்கள் பள்ளியில் ஒரே ஒரு புரொஜெக்டர், நூலகத்தில் ஒரு பழைய கணினி, பிள்ளைகள் கையில் போன் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். அதனால் இங்கே உண்மையிலேயே வேலைக்கு ஆனவற்றை மட்டும் சொல்கிறேன்.

இணையத்தில் 'ஆசிரியர்களுக்கான ஐம்பது கருவிகள்' மாதிரிப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். இப்போதைக்கு அவற்றைத் தொடாதீர்கள். நேராக ஆசிரியர் அறைக்குப் போய், "அடுத்த வாரம் என்ன பாடம் எடுக்கப் போறீங்க, பிள்ளைங்க எதுல திணறுவாங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு ஏற்றதைத் தேடிக் கொண்டுவந்து கொடுங்கள். இத்தனை நாளும் புத்தகத்தை வைத்து நாம் செய்துவந்த வேலைதான் இது. பாடத்தோடு ஒட்டாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாவது வாரம் யாரும் திறக்க மாட்டார்கள்.

சின்ன வகுப்புகள் இருந்தால் ஸ்டோரிவீவரில் ஆரம்பியுங்கள். பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகம் 2015இல் தொடங்கிய தளம். தமிழில் ஏராளமான படக்கதைகள் இருக்கின்றன, வாசிப்பு நிலை ஒன்று முதல் நான்கு வரை பிரித்தே வைத்திருக்கிறார்கள். படிப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டு அச்சிட்டுக்கொள்ளலாம், சுவரில் காட்டலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம்.

அந்த மொழிபெயர்ப்பு வசதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. என் கணக்கில் முதல் நிலை ஆங்கிலக் கதை ஒன்றைத் திறந்து புரொஜெக்டரில் காட்டுவேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். ஒரு வரிக்கு நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள், எது பொருத்தம் என்று வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதத்தை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள், மொழிப்பாடம் நடப்பதே அங்கேதான். உங்கள் பள்ளி மதுரை நகருக்குள் இருந்தால் சௌராஷ்டிரம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்க வாய்ப்புண்டு. அதே கதையை வீட்டில் பாட்டியிடம் தங்கள் மொழியில் சொல்லி, தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வீட்டு மொழிக்கும் நூலகத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மேல் வகுப்புகளுக்கு நான் முதலில் திறப்பது மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணைய நூலகம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். இதை ஸ்கேன் செய்த பக்கங்களோடு சேர்த்து எண்ணாதீர்கள். எழுத்து வடிவில் இருப்பதால் நூலுக்குள்ளேயே சொல்லைத் தேடலாம். வகுப்பறைக்கு அந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்றான, மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகள். முழுவதும் படி என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். 'பழைய மதுரையில் கடைத்தெரு எப்படி இருந்தது, நூலில் தேடிக் கண்டுபிடியுங்கள்' என்று சொன்னால் கணினியைச் சுற்றிக் கூடிவிடுகிறார்கள். முதலில் 'அங்காடி' என்று தேடுவார்கள். நாளங்காடியும் அல்லங்காடியும் அதில் அகப்படாது, ஏனென்றால் முன்னால் உள்ள எழுத்தோடு அகரம் சேர்ந்துவிட்டது. 'காடி' என்று சுருக்கித் தேடினால் பகல் சந்தையும் இரவுச் சந்தையும் வந்து நிற்கும். ஏன் முதலில் கிடைக்கவில்லை என்று அவர்களே கேட்கும்போது தமிழ் ஐயா புணர்ச்சி விதியை எடுத்தார். இலக்கணப் பாடத்தை அவ்வளவு ஆர்வமாக அந்த வகுப்பு கேட்டு நான் பார்த்ததில்லை. அப்புறம் கிடைத்த அடிகளுக்கு உரை வேண்டும் அல்லவா? அதற்கு அலமாரியில் இருந்த பத்துப்பாட்டு உரைநூலை எடுத்தோம்.

ஸ்கேன் பக்கங்களே போதும் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கு நல்ல இடம். கோப்புகள் பெரியவை, முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் போன் இல்லாதது பெரிய தடை என்று நினைக்கிறீர்கள். பிளிக்கர்ஸ் என்ற கருவியைப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணுக்கான கறுப்பு வெள்ளைக் குறியீட்டு அட்டையை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். கேள்வி புரொஜெக்டரில் வரும். அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. நாம் நம்முடைய போன் கேமராவை வகுப்பின் மீது ஒருமுறை மெதுவாக ஓட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதுவதும் சிரமம், ஏனென்றால் ஒவ்வோர் அட்டையும் வேறு வேறு வடிவம். வேகமாக அழுத்துபவருக்கு அதிக மதிப்பெண் தரும் வினாடி வினாச் செயலிகளைவிட இதையே நான் விரும்புகிறேன். அவற்றில் மெதுவாக யோசிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கடைசியில் நிற்கிறார்கள், கொஞ்ச நாளில் முயற்சியையே விட்டுவிடுகிறார்கள்.

தகவலைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுப்பது நம் வேலையில் முக்கியமான பகுதி. அதற்கு நம் பக்கத்திலேயே, அகழாய்வு நடந்த கீழடி இருக்கிறது. இணையத்தில் தேடினால் சில பக்கங்கள் அதன் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்று சொல்லும், சில ஆறாம் நூற்றாண்டு என்று சொல்லும். எது சரி என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கமும் எப்போது எழுதப்பட்டது, எதை ஆதாரமாகக் காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, கரிமக் காலக்கணிப்பை வைத்து காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். விக்கிப்பீடியாக் கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறந்து காட்டினால் ஒரு தகவல் எப்படி மாறி வந்தது என்பதும் தெரியும். முடிந்தால் அதற்குப் பிறகு கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். 2023 மார்ச்சில் திறந்தது, மதுரையிலிருந்து அரைநாள் போதும்.

ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலிகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியருக்குக் கேள்வித்தாள் மாதிரி தயாரிக்க உதவும். ஆனால் 'இந்தத் தலைப்பில் தமிழ்ப் புத்தகங்கள் சொல்' என்று கேட்டால் இல்லாத புத்தகத்தையும் ஆசிரியர் பெயரோடு சேர்த்துக் கொடுத்துவிடும். அந்தப் பட்டியலையே பயிற்சியாக்கலாம். எது நிஜமாக இருக்கிறது என்று நம் நூலகத்தில் சேர்ந்த நூல்களைப் பதியும் அக்சஷன் ரிஜிஸ்டரிலும், மதுரையில் புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பிள்ளைகள் தேடிப் பார்க்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிள்ளைகள் பெயரில் கணக்குத் தொடங்காதீர்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பல செயலிகளும் 13 வயதுக்குக் கீழ் அனுமதிப்பதில்லை. உங்கள் கணக்கு ஒன்று போதும். பிளிக்கர்ஸிலும் பெயருக்குப் பதில் வரிசை எண்ணையே போடுங்கள். புகைப்படம், வீட்டு முகவரி எதுவும் வேண்டாம்.

அப்புறம் இணைப்பு. மழை வந்தாலே இங்கே நெட் போய்விடும். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளை உங்கள் பழைய கணினியில் போட்டு, தமிழ் விக்கிப்பீடியாவின் கோப்பை வீட்டிலோ இணைய மையத்திலோ ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமலே கட்டுரைகளைப் படிக்கலாம், தேடலாம். திருத்த வரலாறு மட்டும் அதில் இருக்காது. ஸ்டோரிவீவர் கதைகளின் பிடிஎஃப், தேவையான மதுரைத் திட்ட நூல்கள் எல்லாவற்றையும் வகுப்புவாரியாக ஒரே பென்டிரைவில் அடுக்கி, கோப்புப் பட்டியலை அச்சிட்டு ஆசிரியர் அறையில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளிலும் வகுப்பு நடக்கும்.