எல்லை தாண்டாமலே அயலாரானவர்களின் எழுத்து: சிக்கானோ இலக்கியம் குறித்த கேள்வி பதில்

அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழியினரின் இலக்கியமான சிக்கானோ இலக்கியத்தை நெடுங்காலமாக வாசித்துவரும் ஒருவரிடம் வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவருடைய பதில்களும்.

கல்லூரி ஆசிரியர் ஒருவர்: சிக்கானோ இலக்கியத்தை எங்கள் பாடத்திட்டத்தில் ‘புலம்பெயர்ந்தோர் எழுத்து’ என்னும் பிரிவில் வைத்திருக்கிறோம். இது சரிதானா?

பாதிதான் சரி. 1846இல் அமெரிக்காவுடன் தொடங்கிய போரில் மெக்சிகோ தோற்றது. 1848 பிப்ரவரி 2ஆம் நாள் கையெழுத்தான குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தின்படி இன்றைய கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா ஆகியவை முழுவதுமாகவும், அரிசோனாவின் பெரும்பகுதியும், நியூ மெக்சிகோ, கொலராடோ ஆகியவற்றின் சில பகுதிகளும் அமெரிக்கா வசமாயின. டெக்சஸ் 1845இலேயே அமெரிக்காவுடன் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கால்நடை மேய்த்தும் பயிர்செய்தும் வாழ்ந்த மக்கள், இருந்த இடத்தைவிட்டு ஓரடியும் நகராமல் இன்னொரு நாட்டின் சிறுபான்மையினர் ஆனார்கள். அவர்களுடைய சொத்துரிமை காக்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னது. ஆனால் தங்கள் நிலம் தங்களுடையதே என்று ஆங்கிலத்தில் நடந்த விசாரணைகளில் மெய்ப்பிக்க ஆண்டுக்கணக்கில் அலைந்து, வக்கீல் செலவுக்கே அந்த நிலத்தை விற்றவர்கள் ஏராளம். மரியா அம்பாரோ ரூயிஸ் தெ பர்ட்டன் 1885இல் புனைபெயரில் வெளியிட்ட ‘தி ஸ்குவாட்டர் அண்ட் தி டான்’ என்னும் ஆங்கில நாவல் இந்த இழப்பைத்தான் சொல்கிறது: ஒருபுறம் நிலத்தில் அத்துமீறிக் குடியேறியவர்கள், மறுபுறம் இரயில்வே முதலாளிகள், நடுவில் நொடித்துப்போகும் ஒரு பண்ணைக் குடும்பம்.

1910இல் மெக்சிகோவில் வெடித்த புரட்சிக்குப் பிறகு வடக்கே ஓடிவந்தவர்களும், கூலிவேலை தேடி வந்தவர்களும் இரண்டாவது நீரோட்டம். அவர்களைத்தான் புலம்பெயர்ந்தோர் என்று சொல்ல முடியும். ஹொசே அந்தோனியோ வியாரியாலின் ‘போச்சோ’ (1959) அத்தகைய ஒரு குடும்பத்தில் வளரும் பையனின் கதை. இரண்டு நீரோட்டங்களும் கலந்த பிறகே நாம் சிக்கானோ இலக்கியம் என்று அழைப்பது உருவாயிற்று. ஆகவே உங்கள் பிரிவின் பெயரை மாற்றுவது நல்லது.

நாட்டார் வழக்காறு பயிலும் மாணவர்: இந்த இலக்கியத்துக்கு வாய்மொழி மரபு எதுவும் பின்புலமாக உண்டா?

உண்டு, அதன் பெயர் கொரிதோ. எல்லைப்புறச் சம்பவங்களைக் கிதாருடன் பாடும் கதைப்பாடல் அது. அவற்றில் புகழ்பெற்றது கிரெகோரியோ கோர்தேஸைப் பற்றியது. 1901இல் டெக்சஸில் குதிரைத் திருட்டு ஒன்றை விசாரிக்க வந்த ஷெரிஃப் (உள்ளூர்க் காவல் தலைவர்) அவருடைய சகோதரரைச் சுட்டார். கோர்தேஸ் ஷெரிஃபைச் சுட்டுவிட்டு நடந்தும் குதிரையிலும் எல்லையை நோக்கித் தப்பியோடினார். நூற்றுக்கணக்கானோர் துரத்தினார்கள். பிடிபட்டுச் சிறையில் கிடந்தவருக்கு 1913இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். பாட்டிலோ அவர் தன் உரிமைக்காகக் கைத்துப்பாக்கியுடன் தனியே நின்றவர்.

எல்லை நகரமான பிரவுன்ஸ்வில்லில் பிறந்தவரும் தாமே பாடகருமான அமெரிக்கோ பாரேதெஸ் இப்பாடலின் பல வடிவங்களையும் நீதிமன்றச் செய்திகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்து 1958இல் ஒரு நூல் எழுதினார். டெக்சஸ் ரேஞ்சர்கள் என்னும் மாநில ஆயுதக் காவற்படையினரை வீரர்களாகவே போற்றிவந்த வரலாற்றெழுத்தை அது நேருக்கு நேர் எதிர்த்தது. ஆராய்ச்சி நூல்தான், எனினும் நாவலாசிரியர்களுக்கும் அது வழிகாட்டிற்று.

முதுகலை மாணவி ஒருவர்: 1960களில் இந்த எழுத்து திடீரென்று பெருகியது ஏன்?

எழுதக்கூடியவர்கள் முன்பும் இருந்தார்கள்; மேடையும் அச்சகமும்தான் இல்லை. 1965 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் டெலானோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாள்களில் செசார் சாவேஸும் டொலோரஸ் ஊர்த்தாவும் வழிநடத்திய சங்கம் அதில் சேர்ந்தது. அந்தப் போராட்டத்தின் நடுவில் லூயிஸ் வால்தேஸ் ‘எல் தியாத்ரோ காம்பெசினோ’ என்னும் உழவர் நாடகக் குழுவை அமைத்தார். பக்கப் பலகை இல்லாத லாரியின் பின்தளமே மேடை. நடிகர்கள் தோட்டத் தொழிலாளர்கள். ‘முதலாளி’, ‘வேலைநிறுத்தக்காரர்’, ‘கருங்காலி’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் பாத்திரம் தயார். முதலாளிக்கு மட்டும் பன்றி முகமூடி. ‘அக்தோ’ எனப்பட்ட இக்குறுநாடகங்கள் ஒன்றில் முதலாளி விளையாட்டாகத் தன் முகமூடியையும் சுருட்டையும் கூலியாளிடம் கொடுத்து இடம் மாறிப் பார்க்கிறான். கூலியாள் அவற்றைத் திருப்பித் தர மறுக்க, கடைசியில் முதலாளியே தொழிற்சங்கத்தைக் கூவி அழைக்கிறான். வேலைக்குப் போவதா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் கூலியாள்முன் நடித்துக்காட்டப்பட்ட நாடகம் இது என்பதை மறந்துவிட்டு, அச்சில் மட்டும் படித்து ‘எளிமையானது’ என்று தீர்ப்புச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1967இல் இரண்டு நிகழ்ச்சிகள். டென்வரில் ரொடோல்ஃபோ கோன்சாலெஸ் ‘யோ சோய் ஹொவாக்கின்’ என்னும் நெடுங்கவிதையை வெளியிட்டார். ஆஸ்டெக் மன்னனும் ஸ்பானியப் படையாளும் புரட்சிக்காரனும் ஒரே குரலில் பேசும் அக்கவிதை ஊர்வலங்களிலும் கூட்டங்களிலும் வாசிக்கப்பட்டது. கவிதை என்ற அளவில் அதில் முழக்கம் மிகுதி. ஆனால் ஒரு தலைமுறை தன் வரலாற்றை அதிலிருந்துதான் தெரிந்துகொண்டது. அதே ஆண்டு பெர்க்லியில் ஒக்தாவியோ ரொமானோவும் நண்பர்களும் ‘எல் கிரித்தோ’ இதழையும் ‘கின்தோ சோல்’ பதிப்பகத்தையும் தொடங்கினார்கள். பிறகு 1,000 டாலர் பரிசு ஒன்றை அறிவித்தார்கள். அப்பரிசை முதலில் பெற்ற மூவர் தொமாஸ் ரிவேரா, ருடால்ஃபோ அனாயா, ரொலாண்டோ இனொஹோசா. நியூயார்க் பதிப்பகங்கள் திரும்பிப் பார்க்காத காலத்தில் ஒரு சிறுபத்திரிகைக் குழு இம்மூவரையும் கண்டெடுத்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

சிறுகதை எழுதும் வாசகர்: இம்மூவரில் நீங்கள் யாரை முதலில் வைப்பீர்கள்?

தயங்காமல் ரிவேராவை. 1935இல் டெக்சஸின் கிரிஸ்டல் சிட்டியில் பிறந்தவர். பசலைக்கீரைச் சாகுபடிக்குப் பேர்போன ஊர் அது. கீரை தின்று பலம் பெறும் கார்ட்டூன் மாலுமி பாப்பாய்க்கு அங்கே சிலையே வைத்திருக்கிறார்கள். ஆனால் கூலிக் குடும்பங்கள் வயிறு வளர்க்க ஆண்டுதோறும் அயோவா, மினசோட்டா என்று வடக்கே போயாக வேண்டும். ரிவேராவின் குடும்பமும் அப்படிப் போய்வந்ததுதான்.

1970இல் பரிசு பெற்று 1971இல் வெளிவந்த ‘நிலம் அவனை விழுங்கவில்லை’ என்று நாம் தமிழில் அழைக்கத்தக்க அந்த ஸ்பானிய நூல், ஒரு சிறுவன் தொலைத்துவிட்ட ஓர் ஆண்டை நினைவுகூரும் 14 கதைகளும் அவற்றினிடையே சில வரிகளே கொண்ட 13 துணுக்குகளும் சேர்ந்தது. தலைப்புக் கதையில், முதலில் தந்தையும் பிறகு ஒன்பது வயதுத் தம்பியும் வெயிலில் சுருண்டு விழுகிறார்கள். மயங்கிய தம்பியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடக்கும் சிறுவன் ஆத்திரத்தில் கடவுளைச் சபிக்கிறான். சபித்தவனை நிலம் பிளந்து விழுங்கிவிடும் என்று கேட்டு வளர்ந்தவன் அவன். நிலம் பிளக்கவில்லை, காலடியில் முன்னைவிடக் கெட்டியாக இருப்பதாகவே அவனுக்குத் தோன்றுகிறது. மறுநாள் தம்பியும் அப்பாவும் தேறிவருகிறார்கள். ரிவேரா எந்த இடத்திலும் விளக்கம் சொல்வதில்லை.

இன்னொரு கதையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் லாரி இரவில் பழுதாகி நிற்கிறது. உள்ளே நின்றபடியே பயணம் செய்யும் ஒவ்வொருவர் மனத்திலும் ஓடுவதை, பெயர் குறிப்பிடாமல், அடுத்தடுத்துக் கேட்கிறோம்: கால்வலி, குழந்தையின் வயிற்றுப்போக்கு, கடன், போய்ச் சேர்ந்ததும் வாங்கவேண்டிய மெத்தை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஊர் மாறுபவர்களின் வாழ்க்கையைத் தொடர்ச்சியான நாவலாக எழுதினால் அது பொய்யாகிவிடும் என்று அவர் கண்டுகொண்டார் என்பதே என் எண்ணம். ரிவேரா 1979இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்துக்குத் தலைவரானார். 1984இல் 48ஆம் வயதில் இறந்தார். பின்னும் சில ஆண்டுகள் எழுத வாய்த்திருக்கலாம்.

வாசகர் ஒருவர்: கார்சியா மார்க்கேஸைத் தமிழில் படித்திருக்கிறேன். அவரும் இந்த வகையைச் சேர்ந்தவர்தானா?

இல்லை. அவர் கொலம்பியர். சிக்கானோ என்பது அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழியினரை, அதிலும் அப்பெயரை அரசியல் உணர்வோடு ஏற்றுக்கொண்டவர்களைக் குறிக்கும். இழிசொல்லாக வழங்கிய பெயரை 1960களின் இளைஞர்கள் பெருமிதமாகச் சூடிக்கொண்டார்கள். மார்க்கேஸின் சாயலை எதிர்பார்த்து வருபவர்களுக்கு அனாயாவின் ‘பிளெஸ் மீ, உல்டிமா’ (1972) நெருக்கமாக இருக்கலாம்: நியூ மெக்சிகோச் சிற்றூர், மூலிகை வைத்தியம் செய்யும் மூதாட்டி, அவளைக் காத்துநிற்கும் ஆந்தை, ஆற்றில் தங்கநிறக் கெண்டை.

கவிஞர் ஒருவர்: கவிதையில் யாரைப் படிக்க வேண்டும்?

முழக்கக் கவிதைக்கு அடுத்து வந்த தலைமுறையை. கேரி சோட்டோவின் ‘தி எலிமெண்ட்ஸ் ஆஃப் சான் வாக்கின்’ (1977) ஃபிரெஸ்னோ சுற்றுவட்டாரத்து வயல்களைப் பாடுகிறது. காற்றும் புழுதியும் மூடுபனியும் மனிதனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பதைச் சிறு சிறு வரிகளில் காட்டுகிறார். கோஷம் அறவே இல்லை. லோர்னா டீ செர்வாண்டிஸின் ‘எம்ப்ளுமாதா’ (1981) தொகுப்பில், வீட்டெதிரே எழும்பும் நெடுஞ்சாலையின் நிழலில் பாட்டியும் தாயும் மகளும் ஆண்துணையின்றி வாழும் கவிதை ஒன்று இருக்கிறது. ஸ்பானியம் கற்றுத்தராமல் வளர்க்கப்பட்ட பெண், கரை சேராத அகதிக் கப்பலாகத் தன்னை உணரும் கவிதையும் அவருடையதே. அவர் நடத்திய ‘மாங்கோ’ பதிப்பகத்தின் வழியாகத்தான் 1980இல் சாண்ட்ரா சிஸ்நெரோஸின் முதல் கவிதைச் சிறுநூல் வெளிவந்தது. யார் யாரை அச்சேற்றினார்கள் என்று பார்த்தாலே இந்த இலக்கியத்தின் வரலாற்றில் பாதி புரிந்துவிடும்.

சிறையில் எழுதப்படிக்கக் கற்றுக் கவிஞரான ஜிம்மி சாந்தியாகோ பாகாவையும், இடம்பெயரும் பண்ணைத் தொழிலாளர்களுக்குப் பிறந்து 2015இல் அமெரிக்க அரசவைக் கவிஞரான ஹுவான் ஃபெலிப்பே எர்ரேராவையும் விட்டுவிடாதீர்கள். அப்பதவிக்கு வந்த முதல் சிக்கானோ எர்ரேராதான்.

ஆய்வு மாணவி: 1960களின் சிக்கானோ இயக்கக் கால எழுத்தில் பெண்கள் தாயாகவோ காதலியாகவோ மட்டும் வருகிறார்கள் என்னும் குற்றச்சாட்டு நியாயமானதா?

நியாயமானதே, அதை முதலில் சொன்னவர்கள் சிக்கானா எழுத்தாளர்கள், அதாவது சிக்கானோ பெண் எழுத்தாளர்கள்தாம். செர்ரி மொராகாவும் குளோரியா அன்சால்துவாவும் 1981இல் வெள்ளையரல்லாத பெண்களின் எழுத்துகளைத் தொகுத்தார்கள். 1987இல் வந்த அன்சால்துவாவின் ‘பார்டர்லேண்ட்ஸ் / லா ஃபிரொந்தெரா’ பாதி கட்டுரை, பாதி கவிதை. ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கும் எல்லைப்புறப் பேச்சுக்கும் முன்னறிவிப்பின்றித் தாவுகிறது. பள்ளி இடைவேளையில் ஸ்பானியம் பேசியதற்காக விரல்முட்டியில் அளவுகோலால் அடிபட்டதை அவர் அதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபின் அந்தத் தாவலை வெறும் நடைவிளையாட்டு என்று சொல்ல மனம் வராது. தன் சமூகத்து ஆண்களின் அதிகாரத்தையும், தற்பாலீர்ப்புள்ளவர்கள்மீது அது காட்டும் வெறுப்பையும் அவர் அதே கடுமையோடு விசாரிக்கிறார்.

சிஸ்நெரோஸின் வழி வேறு. ‘தி ஹவுஸ் ஆன் மாங்கோ ஸ்ட்ரீட்’ (1984) சிக்காகோ சிறுமி ஒருத்தியின் குரலில் சொல்லப்படும் 44 சிறு சித்திரங்கள். இதை முதலில் வெளியிட்டது ஹூஸ்டனின் ஆர்த்தே பூப்ளிகோ என்னும் சிறு பதிப்பகம். எனக்கு அதைவிட 1991இல் வந்த ‘உமன் ஹாலரிங் க்ரீக்’ (கூவும் பெண் ஓடை) பிடிக்கும். தலைப்புக் கதையில், மணமாகி டெக்சஸுக்கு வந்து கணவனிடம் அடிபடும் கிளியோஃபிலாஸை இன்னொரு பெண் தன் சொந்த வண்டியில் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போகிறாள். பிள்ளைகளை ஆற்றில் மூழ்கடித்துவிட்டு அழுதலையும் லா யோரோனாவின் கதை மெக்சிகோவில் குழந்தைகளுக்கும் தெரியும்; கிளியோஃபிலாஸ் அப்பெயர் கொண்ட ஓடையின் கரையில் உட்கார்ந்து அவளையே நினைப்பவள். வண்டியோட்டும் பெண்ணோ அந்த ஓடைப் பாலத்தில் டார்ஜானைப் போல உற்சாகமாகக் கூவுகிறாள். நூற்றாண்டு கால ஒப்பாரி ஒரு கூவலில் மாறிப்போகிறது.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர்: ரிச்சர்ட் ரொட்ரிகெஸை இந்த வரிசையில் சேர்ப்பீர்களா?

சேர்ப்பேன், ஆனால் அவரே சம்மதிக்க மாட்டார். ‘ஹங்கர் ஆஃப் மெமரி’ (1982) இருமொழிக் கல்வியையும் இனவாரி முன்னுரிமையையும் எதிர்த்தது. ஆங்கிலத்தின் வழியாகவே தான் பொதுவாழ்வுக்குள் நுழைய முடிந்தது என்றது. சிக்கானோ விமர்சகர்கள் கொதித்தார்கள். அவருடைய முடிவுகளை நான் ஏற்கவில்லை. ஆனால் படிப்பு ஏற ஏறப் பெற்றோரோடு பேச்சு குறைந்துபோன வீட்டின் மௌனத்தை அவரளவுக்கு எழுதியவர்கள் குறைவு.

நூலகர் ஒருவர்: இந்நூல்கள் தடைசெய்யப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

அரிசோனாவில் 2010இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தைக் காட்டி, டூசான் பள்ளி மாவட்டத்தின் மெக்சிகோ அமெரிக்கவியல் வகுப்புகள் 2012 ஜனவரியில் நிறுத்தப்பட்டன. பாடமாக இருந்த நூல்கள் வகுப்பறைகளிலிருந்து அகற்றப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து எழுத்தாளர்களும் ஆர்வலர்களும் பேருந்தில் அந்நூல்களை ஏற்றிக்கொண்டு டூசானுக்குப் போனார்கள். போதைப்பொருள் கடத்துபவர்களைக் குறிக்கும் சொல்லைத் திருப்பி, ‘லிப்ரோதிராஃபிகாந்தே’, அதாவது நூல் கடத்திகள், என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம், அச்சட்டத்தை இயற்றியதிலும் செயல்படுத்தியதிலும் இனப்பகைமை இருந்ததென்று தீர்ப்பளித்தது.

புதிய வாசகர்: எந்த வரிசையில் படிப்பது?

ரிவேராவிலிருந்து தொடங்குங்கள், ஸ்பானியமும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் பதிப்பு கிடைக்கிறது. பிறகு சிஸ்நெரோஸின் கதைகள், செர்வாண்டிஸின் கவிதைகள், அதன்பின் அன்சால்துவா. பழத்தோட்டக் கூலிகளின் பிற்கால நிலை தெரியவேண்டுமானால் எலேனா மரியா விரமொந்தெஸின் ‘அண்டர் தி ஃபீட் ஆஃப் ஜீசஸ்’ (1995). பூச்சிமருந்து தெளிக்கும் விமானம் தலைக்குமேல் பறக்கும் அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். இனொஹோசாவைக் கடைசியில் வையுங்கள். பெல்கன் என்னும் கற்பனை மாவட்டத்தைப் பற்றி அவர் பல பத்தாண்டுகளாக எழுதிய தொடர் நூல்களில் ஊர் முழுவதும் உறவுக்காரர்கள். ஒரு நூலில் பெயர் மட்டும் வந்துபோனவர் இன்னொன்றில் கதையையே சொல்லிக்கொண்டிருப்பார். யாருக்கு யார் என்ன உறவு என்று தனித்தாளில் குறித்துக்கொண்டே படிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.