அணியின் ரகசியம் கசிந்தது. விளக்கம் கேட்கும் கடிதம் எனக்கு வந்தது

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனி ஒப்பந்தம். இது ஐந்தாவது பருவம். பொது மேலாளருக்கும் தலைமைப் பயிற்றுநருக்கும் முகம் கொடுத்துப் பேசும் உறவே இல்லை. அலுவலகமும் இரண்டுபட்டுக் கிடக்கிறது. எங்கள் வெளிநாட்டு வீரர் ஒருவரின் முழங்கால் ஸ்கேன் அறிக்கை அண்மையில் ஒரு பெயரில்லா முகநூல் கணக்கில் வெளியானது. அதற்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால், எங்கள் சம்பளத்தில் பிடித்த ஊழியர் சேமநிதி (இ.பி.எஃப்.) பணம் நான்கு மாதங்களாகக் கட்டப்படவில்லை என்பதைக் காட்டும் என் கணக்கு அறிக்கையையும், இது குறித்து மேலாளர் கணக்காளருக்கு எழுதிய மின்னஞ்சலையும் ஒரு விளையாட்டு நிருபருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பியது உண்மை. ‘ரகசியத் தகவல்களைக் கசியவிட்டதாக’ எனக்கு இப்போது விளக்கம் கோரும் கடிதம் வந்துள்ளது. 14 நாள்கள் சம்பளமின்றி இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். என் சொந்தக் கைப்பேசியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். தானாகவே விலகினால் ஒரு மாதச் சம்பளம் தருவதாகவும் சொல்கிறார்கள். ஊழியர் புலனக் குழுவில் மேலாளர் என் பெயரைப் போட்டே பழி சொல்லியிருக்கிறார். என் தம்பி ரசிகர் பக்கம் ஒன்றை நடத்துகிறான். எங்கள் வீட்டு இணைய இணைப்பு என் பெயரில் இருக்கிறது. பயிற்றுநரோ தனக்காகச் சாட்சி சொல்லும்படியும், ஆட்ட ஆய்வுக் கோப்புகளின் நகலைத் தரும்படியும் கேட்கிறார். அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.-வில் நாள்தோறும் கசிகிறது, யாருக்கும் வேலை போவதில்லை. எனக்கு மட்டும் ஏன்? – வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உங்களுக்கு வந்த கடிதத்தின் பலம் அதன் தெளிவின்மையில் இருக்கிறது. ‘ரகசியத் தகவல்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நீங்கள் செய்யாத ஒன்றும் செய்த ஒன்றும் ஒன்றாக அடைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் பதற்றத்தில் ஒரே மூச்சில் பதில் எழுதினால், செய்த செயலுக்கான உங்கள் ஒப்புதல் செய்யாத செயலுக்கான சான்றாக மாறிவிடும். எனவே முதலில் எந்த ஆவணம், எந்த நாள், யாருக்கு அனுப்பப்பட்டது என்ற விவரங்களை எழுத்து மூலம் கேளுங்கள். அவை கிடைத்த பிறகு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே பதில் எழுதுங்கள். பொய் எழுத வேண்டாம். கேட்காததைச் சொல்லவும் வேண்டாம். அந்தப் பதிலை அனுப்புமுன் ஒரு வழக்கறிஞர் அதைப் படித்துப் பார்க்கட்டும்.

மருத்துவ அறிக்கையைப் பொறுத்தவரை மெய்ப்பிக்கும் சுமை நிர்வாகத்தின் மீதே இருக்கிறது. தொழிலியல் நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்கின் அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பதை டெலிகோம் மலேசியா எதிர் கிருஷ்ணன் குட்டி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் உறுதிப்படுத்தியது. ஆனால் அந்த அளவுகோலையும் வெறும் சந்தேகம் எட்டாது. அறிக்கையைத் திறந்து பார்க்க எத்தனை பேருக்கு அனுமதி இருந்தது, யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவு எங்கே என்று உங்கள் பதிலில் கேளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் கீழ் ஒருவரின் உடல்நலத் தகவல் உணர்திறன் மிக்க தரவாகும். அது கசிந்து அந்த வீரருக்குக் கணிசமான தீங்கு நேரக்கூடும் என்றால், 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அப்படித் தெரிவித்தார்களா என்ற கேள்வியை நாகரிகமாக, ஒரே வரியில் எழுதுங்கள். உண்மையிலேயே கசிவைக் கண்டு பதறிய நிர்வாகம் அதைச் செய்திருக்கும். உட்பகையில் ஓர் ஆளை வெளியேற்றக் காரணம் தேடிய நிர்வாகம் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்காது. என் கணிப்பில், உங்கள் வழக்கில் விடை சொல்லக் கடினமான கேள்வி இதுவாகவே இருக்கும்.

தம்பியின் பக்கத்தையும் வீட்டு இணைப்பையும் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். 2012-இல் சான்றுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவின்படி, இணையப் பதிவு ஒன்றில் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ பெயர் தோன்றுபவரும், பதிவு புறப்பட்ட இணைய இணைப்பின் சந்தாதாரரும் அதை வெளியிட்டவராக அனுமானிக்கப்படுவர்; அதை மறுத்து நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. தொழிலியல் நீதிமன்றம் சான்றுச் சட்டத்தின் நுணுக்கங்களுக்குக் கட்டுப்பட்டதல்ல என்றாலும், விவகாரம் காவல்துறைக்குப் போனால் இந்த அனுமானம் உங்களைத் தேடி வரும். தம்பியிடம் இன்றே நேராகக் கேளுங்கள். அவருடைய ரசிகர் பக்கத்தில் இருக்கும் எதையும் அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

என்.பி.ஏ. பற்றி நீங்கள் எழுதியது சரியல்ல. பிலடெல்பியா செவன்ட்டி சிக்சர்ஸ் அணியின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவராக இருந்த பிரையன் கொலாஞ்சலோவோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட ஐந்து பெயரில்லா டுவிட்டர் கணக்குகள், சொந்த அணி வீரர்களையும் முந்தைய நிர்வாகியையும் குறைகூறி, உள்விவரங்களையும் வெளியிட்டு வந்ததை 2018 மே மாத இறுதியில் ஓர் இணைய இதழ் அம்பலப்படுத்தியது. அணி நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தை அமர்த்தி விசாரித்தது. அவற்றில் நான்கு கணக்குகளை இயக்கியவர் அவருடைய மனைவி என்று தெரிய வந்தது. ஆனாலும் அந்த ரகசியங்கள் கவனமின்றிப் புறப்பட்ட இடம் அவரே என்று விசாரணை சொல்ல, ஜூன் 7-ஆம் தேதி அவர் பதவி விலகினார். வீட்டில் ஒருவர் தட்டச்சு செய்தாலும், தகவல் யார் கையிலிருந்து போனது என்பதே கேள்வியாகிறது. மற்றொன்றையும் கவனியுங்கள்: அம்பலமானதிலிருந்து பதவி விலகல் வரை பத்து நாள்கூட ஆகவில்லை, என்றாலும் அங்கே விசாரித்தவர்கள் வெளியாள்கள். உங்கள் அணியில் குற்றம் சாட்டுபவரே விசாரிக்கவும் முற்படுகிறார்.

இனி நீங்கள் செய்ததைப் பார்ப்போம். உங்கள் சொந்த இ.பி.எஃப். அறிக்கை உங்களுடையது, அதை யாருக்குக் காட்டினாலும் அது நிறுவன ரகசியமாகாது. மேலாளர் கணக்காளருக்கு எழுதிய மின்னஞ்சலோ நிறுவனத்தின் ஆவணம். அதே வேளையில், ஊழியரின் பங்கைச் சம்பளத்தில் பிடித்துவிட்டு நிதியில் செலுத்தாதது இ.பி.எஃப். சட்டம் 1991-இன் 48-ஆம் பிரிவின் கீழ் ஆறு ஆண்டுகள் வரை சிறையோ 20,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கக்கூடிய குற்றம். ஒரு குற்றத்தை மறைக்கும் ஆவணத்துக்கு ரகசியம் என்ற கவசம் கிடைக்குமா? இங்கிலாந்தில் 1967-இல் ஒரு சலவை நிறுவனத்தின் விற்பனை மேலாளர், நிறுவனங்கள் கூடி விலையை ஏற்றியதைப் பத்திரிகைக்குச் சொன்ன வழக்கில், நீதிபதி டென்னிங் பிரபு கவசம் இல்லை என்றே கருதினார். கூடவே, அத்தகைய தகவலை அதைப் பெறுவதற்குத் தக்க தொடர்புள்ளவரிடமே சொல்ல வேண்டும் என்றும், பத்திரிகை வரை கொண்டு செல்வதை மன்னிக்கத்தக்க தவறுகளும் சில இருக்கலாம் என்றும் சொன்னார். நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. என்றாலும் வாதிட ஓர் இடம் தருகிறது.

நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ அதைவிடக் குறுகலானது. தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2010, முறைகேட்டை நியாயமான நம்பிக்கையோடு ஓர் அமலாக்க அமைப்பிடம் தெரிவிப்பவரையே காக்கிறது. நிருபரிடம் சொன்னவரை அல்ல. அதே மின்னஞ்சலை நீங்கள் இ.பி.எஃப். வாரியத்தின் அமலாக்கப் பிரிவிடம் கொடுத்திருந்தால், அதற்காக உங்களைத் தண்டிப்பதே நிறுவனத்தின் மீது வேறொரு புகாருக்கு வழி வகுத்திருக்கும். தேசிய ஃபீட்லோட் (மாட்டுப்பண்ணை) நிறுவன விவகாரத்தில் 2012-இல் வங்கிக் கணக்கு விவரங்களைச் செய்தியாளர் கூட்டத்தில் வெளியிட்ட அரசியல்வாதி ரஃபிசி ரம்லிக்கும் ஒரு முன்னாள் வங்கி ஊழியருக்கும் 2018-இல் 30 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதும், உயர்நீதிமன்றம் 2019-இல் அவர்களை விடுவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அது வங்கிச் சட்டம். உங்கள் நிலை அவ்வளவு கடுமையானதல்ல. ஆனாலும் பொதுநலம் என்ற நோக்கம் மட்டுமே ஒருவரைப் பல ஆண்டு வழக்கிலிருந்து தப்புவிக்காது என்பதற்கு அதைவிடத் தெளிவான உள்ளூர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆகையால் கட்டப்படாத பங்குத்தொகை குறித்த புகாரை உடனே வாரியத்திடம் முறையாகக் கொடுங்கள். முன்பு நிருபருக்கு அனுப்பியதை அது பின்னோக்கிச் சென்று காப்பாற்றாது. இனிமேல் அந்தப் புகாருக்காக உங்கள் மீது எடுக்கப்படும் நடவடிக்கைக்கு எதிராகவே அது நிற்கும். நிருபரோடு இனிப் பேச்சு வேண்டாம்.

கைப்பேசி உங்களுடையது என்றால் தனியார் நிறுவனத்துக்கு அதைப் பறித்துச் சோதிக்கும் அதிகாரம் இல்லை; அந்த அதிகாரம் சட்டப்படி விசாரிக்கும் காவல்துறைக்கு உண்டு. நிறுவனம் கொடுத்த கணினியையும் கருவிகளையும் மட்டும் ரசீது பெற்றுக்கொண்டு ஒப்படையுங்கள். ஒரே ஒரு செய்தியைக்கூட அழிக்காதீர்கள். கையில் இருந்த சான்றை மறைப்பவருக்கு எதிராகவே அது இருந்திருக்கும் என்று அனுமானிக்கச் சான்றுச் சட்டத்தின் 114(ஜி) பிரிவு இடம் தருகிறது. நிருபரின் கைப்பேசியில் அந்த உரையாடல் இருக்கும்போது உங்களுடையதில் மட்டும் இல்லாமல் போவது மோசமான நிலை.

சம்பளமில்லா இடைநீக்கத்தில் நிர்வாகம் தெளிவாகவே தவறியிருக்கிறது. வேலைச் சட்டம் 1955-இன் 14-ஆம் பிரிவின்படி, விசாரணைக்காக ஒருவரை இரண்டு வாரம் வரை இடைநீக்கலாம். அந்தக் காலத்தில் குறைந்தது அரைச் சம்பளம் தந்தாக வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படாவிட்டால் மீதியையும் தர வேண்டும். சம்பளமே இல்லாமல் நிறுத்துவது விசாரணை முடிந்து குற்றம் உறுதியான பிறகு விதிக்கும் தண்டனை. 2023 ஜனவரி முதல் இந்தப் பிரிவு சம்பள வரம்பின்றி எல்லா ஊழியருக்கும் பொருந்துகிறது. இதை உங்கள் பதிலில் குறிப்பிடுங்கள். தராவிட்டால் ஆள்பல இலாகாவில் புகார் செய்யலாம். உள் விசாரணைக்கு அழைத்தால் புறக்கணிக்காமல் போங்கள். மேலாளர் விசாரணைக் குழுவில் இருக்கக்கூடாது என்ற ஆட்சேபத்தைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பதியுங்கள்.

பயிற்றுநர் விஷயத்தில் உங்களிடம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. யானையும் யானையும் மோதினால் நடுவில் சாவது சருகுமான் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். அவருக்கும் மேலாளருக்கும் உள்ள பகையில் நீங்கள் நேரில் கண்டதை, கேட்டால், விசாரணையில் சொல்லலாம். அவர் எழுதித் தரும் வாக்குமூலத்தில் கையொப்பமிடக் கூடாது. ஆட்ட ஆய்வுக் கோப்புகளைத் தரவே கூடாது. தங்கள் முன்னாள் ஊழியர் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கோப்புகளை எடுத்துச் சென்றதாக நியூயார்க் நிக்ஸ் அணி 2023 ஆகஸ்டில் டொராண்டோ ராப்டர்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. நீதிபதி 2024-இல் அதை என்.பி.ஏ. ஆணையரின் நடுவர் மன்றத்துக்கு அனுப்பினார். பெரிய அணிகளுக்கு அப்படி ஒரு வாசல் இருக்கிறது. நகல் எடுத்துக் கொடுத்த ஒருங்கிணைப்பாளருக்கு இருப்பது பணிநீக்கக் கடிதமும், அதற்கு மறுப்பே சொல்ல முடியாத ஒரு குற்றச்சாட்டும்தான்.

மேலாளர் புலனக் குழுவில் எழுதியதற்கு அவதூறு வழக்குப் போடலாம். ஆறு ஆண்டு காலம் இருக்கிறது. கடமை காரணமாக அலுவலகத்துக்குள் சொன்னது என்ற எதிர்வாதம் வரும், தீய நோக்கத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும், செலவும் அதிகம். இப்போதைக்குத் திரைப்பிடிப்பைப் பாதுகாத்து வைத்தால் போதும்.

விலகல் கடிதத்தில் கையொப்பமிடாதீர்கள். விலகு, இல்லாவிட்டால் நீக்குவோம் என்று சொல்லி வாங்கிய விலகல் சட்டத்தின் பார்வையில் பணிநீக்கமே என்றாலும், வற்புறுத்தலை நிரூபிக்கும் சுமை அப்போது உங்கள் தலையில் ஏறிவிடும். நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவுச் சட்டம் 1967-இன் 20-ஆம் பிரிவின் கீழ் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் அந்தக் கெடு தாண்டினால் உரிமையே போய்விடும். சமரசக் கூட்டத்துக்கு வழக்கறிஞர் உடன் வர முடியாது என்பதால் ஆவணங்களை நாள்வாரியாக நீங்களே அடுக்கி வைத்திருங்கள். வழக்கு தொழிலியல் நீதிமன்றம் சென்று நீங்கள் வென்றால், மீண்டும் வேலை அல்லது அதற்கு ஈடான இழப்பீடு, அத்துடன் 24 மாதம் வரை பின்சம்பளம் கிடைக்கக்கூடும். ஒரு பருவ ஒப்பந்தம்தானே, முடிந்துவிட்டது என்று அவர்கள் வாதிடுவார்கள். அதற்கு, இடைவெளியின்றிப் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தங்கள் உண்மையில் நிரந்தர வேலையா என்று ஆராய்ந்து ஊழியருக்குச் சாதகமாகக் கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் அளித்த அகமட் ஸஹ்ரி மிர்ஸா தீர்ப்பு பதிலாக இருக்கும். ஐந்து பருவ ஒப்பந்தங்களின் நகல்களையும் சம்பளச் சீட்டுகளையும் வீட்டில் வையுங்கள். அலுவலக மேசையில் இருந்தால், எதையெல்லாம் எடுக்கிறீர்கள் என்று பட்டியலிட்டு மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே எடுங்கள்.