போலோவுக்குத் தடித்த ஆன்டி ரோல் பார்: முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

கேள்வி இதுதான்: "ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வைத்திருக்கிறேன். வால்பாறை மலைப்பாதை வளைவுகளில் வண்டி நன்றாகச் சாய்கிறது. கொஞ்சம் வேகமாக நுழைந்தால் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் மூக்கு வெளிப்பக்கமே ஓடுகிறது. வெளியில் கிடைக்கும் தடித்த ஆன்டி ரோல் பார் போட்டால் சரியாகுமா? முன்னாலா, பின்னாலா, எத்தனை மி.மீ.?"

பின்னால் மட்டும் போடுங்கள். முன்னால் இருக்கும் கம்பெனி பாரைத் தொடாதீர்கள். அதற்கும் முன்பாக டயரையும் ஷாக்கையும் (ஷாக் அப்சார்பர்) பாருங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் மீதி.

உங்கள் கேள்வியில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வண்டி சாய்வது ஒன்று, மூக்கு வெளியே ஓடுவது இன்னொன்று. பலரும் இரண்டையும் ஒன்றென்றே நினைத்து, சாய்வதால்தான் பிடிப்பு போகிறது என்று முடிவுகட்டி, கிடைப்பதிலேயே தடிமனான பாரை முன்னால் மாட்டிவிடுகிறார்கள். சாய்வு குறைந்துவிடும், ஆனால் மூக்கு முன்பைவிட அதிகமாக ஓடும்.

நம் ஒர்க்‌ஷாப்புகளில் ஸ்டெபிலைசர் பார் என்று சொல்வதும் ஆன்டி ரோல் பாரைத்தான். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரு எஃகுக் கம்பி, இரு முனையும் மடங்கியிருக்கும். சாலையின் முழு அகலத்துக்கும் போட்ட வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது கம்பி தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், ஒரு வேலையும் செய்யாது. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போதுதான் அது முறுக்கப்படுகிறது, முறுக்கத்தை எதிர்க்கிறது. வளைவில் வண்டி சாயும்போது நடப்பது அதுதான். ஒரு பக்கம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதும் அதேதான், அதனால் தடித்த பார் போட்ட வண்டியில் ஒற்றைப் பள்ளம் வந்தால் தலை இடமும் வலமும் ஆடும்.

இனிதான் முக்கியமான விஷயம். வளைவில் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மொத்தம் எவ்வளவு எடை மாறும் என்பதைத் தீர்மானிப்பவை வண்டியின் எடை, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், நீங்கள் எடுக்கும் வேகம், வளைவின் இறுக்கம் ஆகியவைதான். எவ்வளவு தடித்த பார் போட்டாலும் அந்த மொத்தத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் வராது. சொத்துக்குப் பாகம் பிரிக்க வந்த ஊர்ப் பெரியவர் மாதிரிதான் பார்: இருக்கிற சொத்தை அவரால் கூட்ட முடியாது, யாருக்கு எவ்வளவு என்பதை மட்டும் மாற்றலாம். முன் அச்சில் விறைப்பைக் கூட்டினால் மாறும் எடையில் பெரும்பங்கை முன் வெளிச்சக்கரம் வாங்கும். பின்னால் கூட்டினால் பின் வெளிச்சக்கரம் வாங்கும்.

டயருக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, அதற்குக் குறைவாகத்தான் கூடும். எனவே ஓர் அச்சின் இரண்டு டயரும் சுமையைப் பகிர்ந்துகொண்டால் அங்கே பிடிப்பு அதிகம், ஒரே டயர் முழுதும் சுமந்தால் குறைவு. இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது: எந்த முனையில் பாரைத் தடிமனாக்குகிறீர்களோ அந்த முனை பிடிப்பை இழக்கும், மறுமுனை பெறும். முன்பக்கம் வழுக்கினால் பின்னால் பார், பின்பக்கம் வழுக்கினால் முன்னால் பார்.

போலோவில் எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால், உந்துவதும் முன்சக்கரங்கள்தான். அதனால் மூக்கு முதலில் வழுக்குவது அதன் பிறவிக்குணம், அண்டர்ஸ்டியர் என்பது இதைத்தான். கம்பெனிக்காரர்கள் தெரிந்தேதான் அப்படி வைக்கிறார்கள், ஏனென்றால் மூக்கு ஓடினால் சாதாரண ஓட்டுநர் தானாகவே காலை எடுத்துவிடுவார், வண்டியும் அடங்கிவிடும். வால் ஓடினால் நிலைமை வேறு. மலைப்பாதைக்கு இன்னொரு காரணமும் உண்டு: கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் உள்பக்க முன்சக்கரம் வீணாகச் சுழல்வதைக் கவனித்திருப்பீர்கள். முன்னால் தடித்த பார் போட்டால் அந்தச் சக்கரத்தின் சுமை இன்னும் குறையும், அதிகமாகச் சுழலும். பின்னால் போட்டால் சாய்வைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கைப் பின் அச்சு எடுத்துக்கொள்ளும், முன் உள்சக்கரம் தரையில் நன்றாக அமரும். ரேஸ் டிராக்கில் முன்சக்கர ஹேட்ச்பேக்குகள் ஒரு பின்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு வளைவது இதனால்தான். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சும்மா உருண்டு வரும் சக்கரம் காற்றில் நின்றால் நஷ்டம் பெரிதில்லை.

விதிக்கு ஒரு விலக்கு உண்டு, சொல்லாவிட்டால் யாராவது பின்னூட்டத்தில் பிடித்துக்கொள்வார்கள். முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் சுருள்வில்லும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) இருக்கும் வண்டிகளில் உடல் சாயச் சாய வெளி டயரும் சேர்ந்து சாய்ந்து அதன் வெளிவிளிம்பில் நிற்கத் தொடங்கும். அதிகம் சாயும் வண்டியில் முன் பாரைக் கொஞ்சம் தடிமனாக்கினால் டயர் தட்டையாக நின்று, விதிக்கு மாறாக முன்பிடிப்பு கூடுவதும் உண்டு. ஒட்டும் டயர் போட்டு டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தும். சாலை டயரில், குடும்பத்தோடு வால்பாறை போகிற வண்டிக்கு இந்தக் கணக்கு வேண்டாம். தவிர போலோவில் முன் பாரை மாற்ற சப்ஃபிரேமை (எஞ்சினுக்குக் கீழே சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) இறக்கியாக வேண்டும், பிறகு அலைன்மென்ட், கூலி எல்லாம் சேரும்.

எத்தனை மி.மீ. என்பதற்கு வருவோம். வட்டக் கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினால் தடிமன் 10 சதவீதம்தான் கூடுகிறது, விறைப்போ 46 சதவீதம் கூடும். 20-ஐ 25 ஆக்கினால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. ஆகவே "ரெண்டு மி.மீ.தானே" என்று அசட்டையாக இருக்காதீர்கள். ஆனால் பார் 46 சதவீதம் விறைத்தால் சாய்வு 46 சதவீதம் குறையும் என்றும் அர்த்தமில்லை, ஏனென்றால் சாய்வை எதிர்ப்பதில் சுருள்வில்லுக்கும் பங்கு உண்டு.

விளம்பரத்தில் விட்டத்தை மட்டும் போட்டால் பாதித் தகவல்தான். உள்ளே குழாயா, திடக் கம்பியா என்று கேளுங்கள். 25 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. சுவரும் உள்ள குழாய், விறைப்பில் ஏறக்குறைய 23.5 மி.மீ. திடக் கம்பிக்குச் சமம், எடையில் அதைவிட 40 சதவீதம் குறைவு. நல்ல ஏற்பாடுதான், விட்டத்தை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். மடங்கிய கையின் நீளமும் முக்கியம்: கை நீண்டால் சக்கரத்தில் விறைப்பு குறையும், அதுவும் நீளத்தின் இருமடியில். முனையில் இரண்டு மூன்று துளை போட்டு வரும் அட்ஜஸ்டபிள் பார்கள் இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துகின்றன. கடைசித் துளை மென்மையானது, உள்ளே வர வர விறைப்பு.

ஆனால் இந்தத் துளைக் கணக்கு தனி பார் உள்ள வண்டிக்கு. போலோ, ஸ்விஃப்ட், ஐ20 போன்றவற்றில் பின்னால் டார்ஷன் பீம். இரண்டு கையையும் இணைக்கும் அந்தக் குறுக்குத் தகடே முறுக்கப்பட்டு முறுக்கப்பட்டு பார் வேலையையும் பார்க்கிறது. எனவே கடையில் விற்பது பெரும்பாலும் இரண்டு கைகளுக்கும் நடுவே போல்ட் போட்டு இறுக்கும் கூடுதல் பார், பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடு கிடையாது. வாங்குமுன் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே நின்று பாருங்கள். பீமைவிடக் கீழே தொங்கும் பார் வேண்டாம், முதல் உயர்ந்த வேகத்தடையே அதற்கு முடிவு கட்டிவிடும். ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் ஹோஸ், சைலன்சர் ஆகியவற்றில் உரசாமல் இருக்கிறதா என்பதைச் சக்கரம் தொங்கும்போதும், சுமை ஏற்றிய நிலையிலும் பார்க்க வேண்டும். இருக்கிற துளைகளில் மாட்டும் வகையே நல்லது. பீமில் புதிதாக ஓட்டை போடுகிறேன், ஒரு வெல்டு வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஓயாமல் முறுக்கப்படும் தகட்டில் வெல்டு வைத்த இடத்தில்தான் விரிசல் ஆரம்பிக்கும்.

லேத் பட்டறையில் கம்பியை வளைத்துத் தருகிறார்கள், பாதி விலைதான் என்றும் சிலர் சொல்வார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: சாதாரண இரும்புக் கம்பிக்கும் ஸ்பிரிங் ஸ்டீலுக்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் புதிதில் வித்தியாசமே தெரியாது. மாறுபடுவது தாங்கும் எல்லை. சாதாரணக் கம்பி ஒருநாள் வளைந்தபடியே நின்றுவிடும், அல்லது மடிப்பில் வெடிக்கும். அந்த நாள் மலைப்பாதையில் வரக்கூடாது. மலேசியாவின் அல்ட்ரா ரேசிங், ஆஸ்திரேலியாவின் ஒயிட்லைன், ஜெர்மனியின் ஐபாக் போன்றவற்றில் உங்கள் மாடலுக்கென்றே செய்தது கிடைக்கிறதா என்று தேடுங்கள். வேறு வண்டிக்கு வந்ததைத் தட்டி நிமிர்த்தி மாட்டுவது வேண்டாம். இரண்டு அளவு இருந்தால் சிறியதை எடுங்கள், அட்ஜஸ்ட் செய்யக்கூடியது என்றால் மென்மையான நிலையில் தொடங்குங்கள்.

முன்னால் சொன்ன டயர், ஷாக் விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பார் வெறும் ஸ்பிரிங், அதற்கு அதிர்வை அடக்கத் தெரியாது. வண்டி எவ்வளவு சாயும் என்பதை பார் பார்த்துக்கொள்ளும், எவ்வளவு வேகமாகச் சாயும், சாய்ந்தபின் ஆடாமல் நிற்குமா என்பது ஷாக்கின் கையில். 80,000 கி.மீ. ஓடி ஷாக் செத்துப்போன வண்டியில் பார் போடுவது காசைக் கரியாக்குவதுதான். முன்னால் லோயர் ஆர்ம் புஷ், பாரின் டி புஷ், லிங்க் ராடு தேய்ந்திருந்தாலும் வண்டி சாய்வது போலவே ஒரு தளர்ச்சி தெரியும். கம்பெனி உருப்படிகளையே புதிதாக மாற்றியதும் "பார் வேண்டாம் போல இருக்கே" என்று நிறுத்திக்கொண்டவர்கள் நிறைய. டயர் இன்னும் முக்கியம். 185/60 ஆர் 15 அளவில் ஐந்தாறு வருடம் ஆகி ரப்பர் இறுகிப்போன டயரை வைத்துக்கொண்டு பாரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

கம்பெனி ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் பாலியூரிதேன் புஷ் போட்டால் பதில் சற்று கூர்மையாக இருக்கும், ஆனால் கிரீஸ் காய்ந்ததும் கிரீச்சிடும். அதற்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸைத்தான் பூச வேண்டும், வீல் பேரிங் கிரீஸை அள்ளி அப்பக்கூடாது. வண்டியைத் தாழ்த்தியிருந்தால் முன் லிங்க் ராடு நீளமும் ஒத்துவராமல் போகும், அட்ஜஸ்டபிள் லிங்க் தேவைப்படலாம். அதை இறுக்கும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கி வைத்து இறுக்கினால் பார் முறுக்கப்பட்ட நிலையிலேயே பூட்டப்பட்டு, வண்டி இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும்.

பின் பாரின் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் பாயும், பின்பக்கம் லேசாகும். கம்பெனி நிலையில் வண்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். பின்னால் விறைத்த பார் இருந்தால் வால் வீசத் தொடங்கலாம், மழையில் இன்னும் எளிதாக. ஐப்பசி மழையில் ஆழியாறு தாண்டி ஏறும்போது இது நடந்தால் இஎஸ்பி (வண்டி வழுக்கினால் தானாகவே பிரேக் பிடித்து அடக்கும் மின்னணு அமைப்பு) ஓரளவு காப்பாற்றும், அதை அணைத்துவிட்டு ஓட்டும் ஆசை வேண்டாம். பின் டயர்கள் முன் டயர்களைவிட மோசமாக இருக்கும் வண்டியில் பின் பார் போடவே கூடாது.

சோதித்துப் பார்ப்பதை வால்பாறைப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவில் வைத்துக்கொள்ளாதீர்கள். அது வரையாடு குறுக்கே வந்து நிற்கும் பாதை, எதிரில் பஸ் வேறு வரும். கோவையில் செட்டிப்பாளையம் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, பொதுமக்கள் தங்கள் காரை ஓட்ட நேரம் ஒதுக்கும் நாளில் போய்ப் பாருங்கள். பார் வாங்குமுன் ஒரு இலவசச் சோதனை செய்யலாம்: கம்பெனி சொல்லும் காற்றழுத்தத்தை வைத்து முதலில் ஓட்டுங்கள், பிறகு பின் டயரில் மட்டும் 2 பிஎஸ்ஐ கூட்டி அதே வளைவை அதே வேகத்தில் எடுங்கள். மூக்கு ஓடுவது கொஞ்சம் குறைந்ததாகத் தெரிந்தால் பின் பார் எந்தத் திசையில் கொண்டுபோகும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும். வித்தியாசமே தெரியவில்லை என்றால் பாருக்கான பணத்தை நல்ல டயருக்குக் கொடுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. வாரண்டி மீதம் இருந்தால் சஸ்பென்ஷன் பழுது எதற்கும் இந்த பாரைக் காரணம் காட்டுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். கழற்றி எடுத்துப் பழையபடி ஆக்க முடிகிற போல்ட் வகையே வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற காடுமேடு ஏறும் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். பாறையில் ஏறும்போது பார் சக்கரத்தைத் தொங்கவிடாமல் தடுக்கும், ஜீப் ராங்லர் ரூபிகானில் முன் பாரைத் துண்டிக்கவே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அது தனிக் கேள்வி, தனியாகக் கேளுங்கள்.

மாட்டியபின் சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். புது பார் போட்டபின் பின்னாலிருந்து "டக் டக்" என்று சத்தம் வந்தால் பத்தில் ஒன்பது முறை அங்கேதான் பிரச்சினை இருக்கும்.