அவர் மனைவியின் நம்பர் எங்கே?

கேள்வி (மே 2021): 2000இல் பொறியியல் முடித்தவர்கள் நாங்கள். வாட்ஸ்அப் குழுவில் 138 பேர், நான்தான் அட்மின். இந்த கொரோனா இரண்டாம் அலையில் பணம் சேர்த்து, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து ஆக்சிஜன் செறிவூட்டிகள் வாங்கினோம். பேட்ச்மேட் குடும்பங்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். அமெரிக்காவிலிருந்து வந்த பணத்துக்குக் கணக்கு எங்கே என்கிறார்கள் சிலர். திருப்பூர் நண்பன் ஐசியூவில் இருப்பதே நாலு நாள் கழித்து அவன் மச்சினன் சொல்லித்தான் தெரிந்தது. அவன் மனைவி நம்பர் எங்கள் யாரிடமும் இல்லை. தினமும் சண்டை. குழுவை விட்டு விலகிவிடலாமா?
எஸ்., கோயம்புத்தூர்

பதில்: தம்பி, சண்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நடுவில் ஒரே வரியில் ஒன்றைச் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அவன் மனைவி நம்பர் யாரிடமும் இல்லை. 21 வருஷம்! அவருக்கு ஹாஸ்டலில் என்ன பட்டப்பெயர், எத்தனை அரியர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணின் பெயராவது தெரியுமா? பணம் சேர்க்க முடிந்த உங்களால் ஒரு நம்பர் சேர்க்க முடியவில்லை. நண்பன் என்றால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் சேர்த்துத்தான்.

இது மரியாதைக்காகச் சொல்வதல்ல. இந்த நோயில் மூச்சுத் திணறலே தெரியாமல் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். அப்புறம் மூளை குழம்பும், போன் கையில் இருந்தும் எதை அழுத்துவதென்று தெரியாது. "நல்லாத்தான் இருக்கேன் மச்சி" என்று நோயாளி அனுப்பும் பதிலை நம்பி உட்காரக் கூடாது. பக்கத்தில் இருந்து பார்ப்பவர் சொல்வதுதான் கணக்கு.

இன்று ராத்திரியே 138 பேரையும் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பத்துக்கும் ஒருவர் பொறுப்பு. ஆளுக்கு இரண்டு நம்பர்: ஒன்று வீட்டுக்குள் இருப்பவருடையது, இன்னொன்று அதே ஊரில் வேறு வீட்டில் இருப்பவருடையது. கணவனும் மனைவியும் சேர்ந்தே நோயில் படுத்துவிடுகிறார்கள், அதனால்தான் இரண்டாவது. இவை நோட்டில் இருக்கட்டும், குழுவில் போடாதீர்கள்.

யாருக்காவது காய்ச்சல் என்றால் காலையும் மாலையும் போன் செய்து பேசுங்கள், மெசேஜ் போதாது. டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து அல்ல, முதல் அறிகுறி வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை கவனம் கூடுதலாக வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரில் ஒரு முறை, அறைக்குள் ஆறு நிமிடம் நடந்தபின் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மருதாணியும் நெயில் பாலிஷும் அளவைக் கெடுக்கும். 94க்குக் கீழே போனாலும், நடந்தபின் மூன்று நாலு புள்ளி இறங்கினாலும் உடனே டாக்டர். படுக்கை விசாரிக்க 104, ஆம்புலன்ஸுக்கு 108. ஒருவருக்கு டாக்டர் சீட்டில் எழுதிய ஸ்டீராய்டை இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்வதை அட்மினாகிய நீங்கள் அன்றே நீக்க வேண்டும். ஆக்சிஜன் இறங்காதவருக்கு அது கெடுதல், சர்க்கரை உள்ளவருக்குக் கறுப்புப் பூஞ்சை நோய் வரை கொண்டுபோகும்.

செறிவூட்டியை டாக்டர் சொன்னால் மட்டும், படுக்கை கிடைக்கும் வரைக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கும் கொடுங்கள். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ஓட்டத்தில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். மலிவான சிலவற்றில் ஓட்டத்தைக் கூட்டினால் சுத்தம் பாதியாகக்கூட விழும். காற்று வரவில்லை என்று பதறுவார்கள். பெரும்பாலும் மிஷினில் மாட்டும் தண்ணீர்க் குப்பியின் மூடி மரை மாறி இறுகியிருக்கும், கசியும். மூக்குக் குழாயின் நுனியை டம்ளர் தண்ணீரில் வையுங்கள். குமிழி வந்தால் காற்று வருகிறது. குப்பியில் டிஸ்டில்டு வாட்டர், தினமும் மாற்ற வேண்டும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைக்கவும். அந்த அறையில் சாமி விளக்கு, ஊதுபத்தி கூடாது. மூக்குக் குழாய் ஆளுக்குப் புதிது. கரண்ட் போனால் மிஷின் நிற்கும், அதற்கு வழி இல்லாத வீட்டில் அதை மட்டும் நம்பி விடாதீர்கள்.

யாருக்குக் கொடுப்பது? டாக்டர் சீட்டு யாரிடம் முதலில் இருக்கிறதோ அவருக்கு. நாலு வருஷம் உங்களுக்குச் சோறு போட்ட மெஸ் அண்ணனும் அந்த வரிசையில் உண்டு. அவர் நம்பரும் உங்களிடம் இருக்காது, தேடுங்கள். அமெரிக்கப் பணம்: இந்தியக் குடியுரிமை உள்ளவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும், உரிய பதிவில்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. பில்லையெல்லாம் போட்டோ எடுத்துக் குழுவில் போடுங்கள், பாதிச் சண்டை அடங்கும்.

விலகுவதா? 138 வீடுகளுக்கு வழி தெரிந்தவர் நோய்க் காலத்தில் விலகுவது தப்பு.

முதலில் அந்த மச்சினனிடம் நம்பர் வாங்குங்கள். உங்கள் பேட்ச் பெண்களில் ஒருவர் பேசட்டும். "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்டால் அந்தப் பெண் வேண்டாம் என்றுதான் சொல்வார். பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள், இன்று மதியம் சாப்பிட்டாயா, உனக்குக் காய்ச்சல் இருக்கிறதா, ராத்திரி எங்கே படுக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். கேட்டதும் போனை வைத்துவிடாமல், திருப்பூரில் இருக்கும் உங்கள் ஆள் ஒருவரை மாஸ்க்கோடு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு அனுப்புங்கள்.