மட்டக்களப்பு கல்லடியில் 15 பேர்ச் காணி: உங்கள் வீட்டுப் பிளான் பற்றி

தங்கச்சி, விவரம் வாசித்தேன். 45க்கு 90 அடி காணி, கிழக்கே வீதி, மூன்று அறை, வயதான அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். பின்னால் இன்னொரு வீட்டுக்கு இடம் விடலாமா என்று கேட்கிறீர்கள்.

விட வேண்டாம். நம்ம பக்கம் வீடு மகளுக்குத்தான் போகும், உங்கள் யோசனை புரிகிறது. ஆனால் கிணறும் மலக்குழியும் இந்தக் காணிக்குள்தானே வர வேண்டும்? பிளானில் இரண்டும் பின்பக்கம், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மணல் தரை, மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். கிணற்றை முன்னுக்குக் கொண்டுவந்து 50 அடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். அயல்வீட்டுக் கிணறு எங்கே என்றும் பாருங்கள், இதை யாரும் கவனிப்பதில்லை.

பின்வீட்டுக்குப் பதிலாக இரண்டாவது மகளுக்கு மேல்மாடி கட்டலாம். அதற்கு அத்திவாரமும் தூண்களும் இப்போதே இரண்டு மாடிக்குக் கணக்குப் பார்த்துப் போட வேண்டும். ஹோலுக்கு நடுவில் இருக்கும் படியை விறாந்தைப் பக்கம் மாற்றினால் பிறகு தனி வாசல் கிடைக்கும்.

அம்மாவின் அறை தென்மேற்கில் வேண்டவே வேண்டாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் அந்த அனல்காற்றும் பின்னேர வெயிலும் சேர்ந்து வாட்டும். அங்கே குளியலறையும் ஸ்டோரும் போதும். அம்மாவுக்கு முன்பக்க அறை, இணைந்த கழிவறை, அகலமான கதவு. குசினி வடமேற்கில் இருக்கட்டும், வாஸ்துக்காரரும் வாயு மூலை என்று சம்மதிப்பார்.

விறாந்தைக் கூரையை நன்றாக நீட்டுங்கள், மார்கழி மழை வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும். எல்லையில் எவ்வளவு விடுவதென்று, மேசனிடம் அல்ல, மாநகர சபையில் கேளுங்கள்.